லீவு இல்லாத ஜகர்நோட்

பெரியம்மா குவைத்திலிருந்து அனுப்பிய பெட்டியில் எல்லாருக்கும் ஏதாவது இருந்தது. தாத்தாவுக்குக் கம்பளி பெனியன், அம்மாமாருக்கு ஷாம்பூ போத்தல், லயத்துக்கே பங்கு வைக்க டேங் பவுடர். எங்களுக்கு, அதாவது அப்போது ஆறாம் ஆண்டில் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கு, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு அட்டை. பெரியம்மா வேலை பார்த்த வீட்டுப் பிள்ளை வேண்டாமென்று குப்பையில் போட்டது. படம் வடிவாக இருக்கிறதே என்று அவங்க எடுத்து வைத்திருக்கிறாங்க.

அவங்க உறவுமுறையில் எங்களில் ஒருத்திக்குத்தான் பெரியம்மா. லயத்தில் அந்தக் கணக்கை யார் பார்ப்பது? மூன்று பேருக்கும் பெரியம்மாதான்.

கட்டில் முப்பத்தைந்து அட்டை இருந்தது. விதிப் புத்தகம் இல்லை. நூலகத்துக்கும் எங்களுக்கும் நடுவில் இரண்டு மலை. அதனால் ஒவ்வொரு அட்டையிலும் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்து, விளங்காத இடத்தில் நாங்களே விதி வைத்து, திம்புள்ள மழையில் வெளியே போக முடியாத பின்னேரங்களை எல்லாம் அதிலேயே கழித்தோம். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, நாங்கள் விளையாடியது பாதிக்கு மேல் பிழை என்று. அது மெஜிக்: த கேதரிங். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித ஆய்வாளர் உருவாக்கி, 1993 ஆகஸ்டில் கடைக்கு வந்த விளையாட்டு. இரண்டு பேர், ஆளுக்கு 20 உயிர். நிலத்து அட்டையிலிருந்து மந்திர சக்தி எடுத்து, அதைச் செலவழித்து ஜீவன்களை இறக்கி, எதிராளியைத் தாக்க வேண்டும்.

கட்டில் எல்லாருக்கும் பிடித்த அட்டை ஒன்றுதான். சாம்பல் நிறச் சட்டம். உள்ளே ஒரு பெரிய யந்திரம். பெயர் ஜகர்நோட். முதல் பதிப்பில் வந்த 295 அட்டைகளில் அதுவும் ஒன்று. அந்தப் பதிப்பில் படம் வரைந்தவர் டேன் ஃப்ரேசியர். எங்களிடம் இருந்தது பின்னால் வந்த மறுபதிப்பு. இதை ஏன் சொல்கிறோம் என்றால், கம்பஸ் வந்து கையில் போன் கிடைத்ததும் நாங்கள் முதலில் தேடியது அதன் விலையைத்தான். அதே முதல் பதிப்பில் வந்த பிளாக் லோட்டஸ் அட்டை ஒன்று 2021 ஜனவரியில் 5 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிருக்கிறது. எங்கள் அட்டையை விற்றால் ஒரு பிளேன்டிக்குக் காணாது.

அது 'ஆர்டிஃபெக்ட் கிரீச்சர்' என்ற வகை. யாரோ செய்த பொருள், ஆனால் ஜீவனைப் போலப் போய்ச் சண்டை போடும். மூலையில் 5/3 என்று போட்டிருக்கும். அடித்தால் ஐந்து அடி, மூன்று அடி வாங்கினால் செத்துவிடும். கீழே இரண்டே விதி. ஒன்று, சுவர் வகை ஜீவன்களால் இதைத் தடுக்க முடியாது. மற்றது, முடிந்தால் ஒவ்வொரு முறையும் இது தாக்கியே ஆக வேண்டும். இன்றைக்கு வேண்டாம், எதிரே பெரிய பூதம் நிற்கிறது, போனால் சாவுதான் என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தாலும் அனுப்பாமல் இருக்க முடியாது.

இரண்டு வருஷம் கழித்துப் பெரியம்மா திரும்பி வந்தாங்க. ஒரு நாள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையையும் என்னவென்று கேட்டாங்க. ஜகர்நோட்டின் விதியைத் தமிழில் சொன்னோம்.

"பாவம், அதுக்கு லீவே இல்லையா?" என்று கேட்டாங்க.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவங்க சிரிக்கவில்லை. குவைத்தில் இருந்த காலத்தில் கிடைத்த லீவைக் கைவிரலில் எண்ணலாம் என்று பிறகொரு நாள் சொன்னாங்க. திரும்பி வந்த அடுத்த மாதமே பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்துக்கும் இறங்கியிருந்தாங்க. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்: இங்கே ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். சொன்ன கிலோ வராவிட்டால் அது அரைப்பேர் ஆகிவிடும். காய்ச்சலோ அட்டைக்கடியோ, மலைக்குப் போனால்தான் பேர். ஐந்துக்கு அடித்து மூன்றுக்குச் சாகிற உடம்புகளை எங்களுக்கு அட்டையைப் பார்க்க முன்னமே தெரியும்.

அந்தப் பெயருக்கு அர்த்தம் என்னவென்று பள்ளிக்கூட அகராதியில் ஒருமுறை பார்த்தோம். எதிரே வருவதை எல்லாம் நசுக்கிப் போகும், நிறுத்த முடியாத சக்தி என்று இருந்தது. சரிதானே என்று விட்டுவிட்டோம். எக்ஸ்-மென் படத்தில் சுவரை எல்லாம் இடித்துக்கொண்டு ஓடுகிற தடியனுக்கும் அதே பெயர். பிரித்தானியாவில் பெரிய லொறிக்கும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

பேராதனையில் இரண்டாம் வருஷம். ஒரு அசைன்மென்ட்டுக்காகக் கடன்சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, லைப்ரரியில் வைத்து எங்களில் ஒருவன் சத்தமாகவே கேட்டுவிட்டான்: "டேய், ஜகர்நோட் நம்ம ஜெகநாதன்டா!"

ஆமாம். ஊருக்கு நாலு பேர் இருக்கிற அதே ஜெகநாதன். ஒரிசாவில் பூரி ஜகந்நாதர். அங்கே வருஷா வருஷம் ஆனி, ஆடியில் ரத யாத்திரை. ஜகந்நாதருக்கு 16 சக்கரத் தேர், அண்ணன் பலபத்திரருக்கு 14, தங்கை சுபத்திரைக்கு 12. ஒவ்வொரு வருஷமும் புது மரத்தில் செய்வார்கள். அந்தத் தேரின் அடியில் பக்தர்கள் தாங்களாகவே விழுந்து நசுங்கிச் சாகிறார்கள் என்று ஐரோப்பியர்கள் எழுதி எழுதித்தான் சாமியின் பெயர் ஒரு வன்முறைச் சொல்லாகிவிட்டது. 1806இல் பூரிக்குப் போன கிளோடியஸ் புக்கானன் என்ற பாதிரியார் 1811இல் வெளியிட்ட புத்தகம் இதை இங்கிலாந்தில் வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1872இல் ஒரிசாவைப் பற்றி எழுதிய ஹன்டர் என்ற பிரித்தானிய அதிகாரியே இதை மறுத்திருக்கிறார். இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் நெரிசலில் தவறி விழுந்தவர்கள் என்பது அவருடைய கட்சி. ஆனால் ஒரு சொல் கிளம்பிவிட்டால் மறுப்பு எங்கே அதைப் பிடிக்கப்போகிறது?

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. இந்தக் கதையை ஐரோப்பாவுக்கு முதலில் கொண்டுபோனவராகச் சொல்லப்படுபவர் ஓடோரிக் என்ற இத்தாலியத் துறவி. 1330இல் தன் பயணத்தைச் சொல்லி எழுதுவித்தவர். அவர் தேரையும் சக்கரத்தடியில் விழுபவர்களையும் பற்றிச் சொல்வது பூரிக் கதையில் இல்லை, மாபர் நாட்டுக் கதையில். மாபர் என்றால் சோழமண்டலக் கரை. நம்ம கரை. அப்படியென்றால் நாங்கள் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த யந்திரத்தின் முப்பாட்டன் ஏதோ ஒரு தமிழ்த் தேராகவும் இருக்கலாம். அது இத்தாலிக்குப் போய், இங்கிலாந்துக்குப் போய், அமெரிக்காவில் அச்சாகி, குவைத்தில் குப்பைக்குப் போய், திம்புள்ளயில் பங்கு வைத்த பெட்டிக்குள் வந்து படுத்திருக்கிறது. வரும்போது அதற்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. எங்களுக்கும்தான் அதைத் தெரியவில்லை.

சொற்கள் இப்படிப் போய் வருவது எங்களுக்குப் புதிதில்லை. லைன் என்ற இங்கிலிஷ் சொல்லை வாங்கி லயம் ஆக்கி அதற்குள்ளே குடியிருக்கிறவர்கள் நாங்கள். அந்தப் பக்கம் போன சொல்லும் உண்டு, 'கூலி'. அது தமிழிலிருந்து போனது என்பார்கள் சிலர், குஜராத்தின் கோலி மக்கள் பெயர் என்பார்கள் வேறு சிலர். எது சரியாக இருந்தாலும், எங்களுக்கு அது செய்த வேலைக்குக் கிடைக்கிற காசு. துரைமாரின் கணக்குப் புத்தகத்தில் அது ஆளின் பெயர். காசை ஆளாக்கினார்கள், சாமியை யந்திரமாக்கினார்கள். கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது. அசைன்மென்ட்டில் அந்த வரியை எழுதியபோது 'உணர்ச்சியைக் குறைக்கவும்' என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதித் திரும்பி வந்தது.

கோபம் குறைந்தபிறகு யோசித்தோம். தேர் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? நசுக்குவதா? ஊர் கூடித் தேர் இழு என்கிறோம். தமிழில் தேர் என்பது லேசில் நகராத ஒரு பொருள். திருவாரூர் ஆழித்தேர் சோடித்து நிற்கும்போது 96 அடி. 1948க்குப் பிறகு அது ஓடாமல் கிடந்து, 1970இல்தான் திரும்ப ஓடியது. இருபது வருஷத்துக்கு மேல் நிலையிலேயே நின்றிருக்கிறது. திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்ட பிறகும், பின்னால் புல்டோசர் வைத்துத் தள்ளித்தான் கிளப்புகிறார்கள். நிறுத்த முடியாத சக்தியாம்! கிளப்புவதற்கே ஆள் இல்லாமல்தானே இங்கே கஷ்டம்.

எங்கள் தோட்டத் தேர் திருவாரூருக்கு முன்னால் பொம்மை. சோடித்தால் பன்னிரண்டு அடி வரும். மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டம். பங்குனிக் கடைசியில் மாரியம்மன் கோயிலிலிருந்து கிளம்பி, மேல் லயம், பெரட்டுக்களம், கொழுந்து மடுவம், பிறகு ஒரு கொண்டை வளைவு, அதற்குக் கீழே இறக்கம், அது முடிகிற இடத்தில் ஸ்டோர். அங்கிருந்து வேறு பாதையில் திரும்பும். ரெண்டு வருஷமாக அது கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை. அம்மனை ட்ரெக்டரில் ஏற்றி, பல்பு கட்டி, ஜெனரேட்டரோடு கொண்டுபோனார்கள். வடம் பிடிக்க ஆள் இல்லை என்பது காரணம். பொடியன்கள் எல்லாம் கொழும்பில். கடையிலும் கட்டட வேலையிலும் நிற்கிறவர்களுக்குச் சித்திரை வருஷத்துக்குத்தான் லீவு கிடைக்கும், திருவிழாவுக்குக் கிடைக்காது. பெரியம்மாவின் கேள்வி இந்த இடத்திலும் வந்து நிற்கிறது, பார்த்தீர்களா.

இந்த வருஷம் இழுப்போம் என்று நாங்கள்தான் போய்க் கேட்டோம். அசைன்மென்ட் எழுதியதால் வந்த துணிச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் கமிட்டி எங்களைத் தாத்தாவிடம் அனுப்பியது. முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் அவர்.

முட்டுக்கட்டை என்றால் சரிவாகச் செதுக்கிய கனமான மரத்துண்டு, நீளமான பிடியோடு. உருளும் சக்கரத்தின் முன்னால் சரியான நொடியில் அதைக் கொடுக்க வேண்டும். ரெண்டு சக்கரத்துக்கும் கொடுத்தால் தேர் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். ஸ்டியரிங்கும் அதுதான், பிரேக்கும் அதுதான். பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடாதே' என்று ஒருவரைத் திட்டுகிறோமே, தாத்தாவுக்கு அது ஒருபோதும் பிடிக்காது. கட்டை போடுறவன் இல்லாட்டி தேர் முதல் வளைவிலேயே பள்ளத்தில் கிடக்கும் என்பார். பூரித் தேரை எழுதியவர்கள் சக்கரத்தை எழுதினார்கள், விழுந்தவனை எழுதினார்கள். சக்கரத்துக்கு ஒரு முழத் தூரத்தில், குனிந்தபடி பின்னோக்கி நடந்துகொண்டு, அதை நிறுத்துவதற்கென்றே ஒருவன் நிற்பான் என்பதை எங்கள் தாத்தாவைப் பார்த்திருந்தால் எழுதியிருப்பார்கள்.

தாத்தா ஒன்றுதான் கேட்டார்: "எத்தன பேரு?"

வாட்ஸ்அப்பில் 60 பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு வந்தது 34. அதில் ஐந்தாறு பேர் வீடியோ எடுக்க வந்தவர்கள். தாத்தா வடத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார். அப்போதுதான் பெரியம்மா தாம்பாளத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து வடத்தைப் பிடித்தாங்க. பின்னாலேயே சித்தி, அம்மாமார், எங்கள் வகுப்புப் பிள்ளைகள். எங்கள் தோட்டத்தில் அதுவரை பெண்கள் வடம் பிடித்ததில்லை. பக்கத்துத் தோட்டங்களில் பிடிக்கிறார்கள், மாத்தளையில் மாசி மகத்துக்குப் பஞ்சரதம் வரும்போது கூட்டத்தில் யார் ஆண் யார் பெண் என்றே தெரியாது. ஆனால் இங்கே வழக்கமில்லை. ரெண்டு பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பெரிய சண்டை வரும் என்று நாங்கள் வசனம் எல்லாம் தயாராக வைத்திருந்தோம். பூசாரி மணியைப் பார்த்து, "ராகுகாலம் வந்துரும், இழுங்க" என்றார். அவ்வளவுதான். எங்கள் வசனம் வீணாகப் போனது.

தேர் அசைந்தபோது வந்த சத்தத்தை எழுத முடியவில்லை. ரெண்டு வருஷம் கொட்டிலில் கிடந்த அச்சு, முனகி முனகிக் கிளம்பியது. மேல் லயத்தைத் தாண்டும்போது மின்கம்பி தாழ்வாக இருந்தது. ஒரு தம்பி மூங்கில் கம்பால் அதைத் தூக்கிப் பிடிக்கப் போனான். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் செத்த செய்தி அன்றைக்கு எங்கள் போனில் நாள் முழுக்க ஓடியது. லைனை நிறுத்தச் சொல்லி ஆளனுப்பி, கால்மணி நேரம் காத்திருந்து, பிறகுதான் நகர்ந்தோம். அப்போது ஒன்று உறைத்தது. தேர் கொல்லாது என்று அசைன்மென்ட்டில் எழுதிவிட்டோம். கொல்லும். பக்தியில் யாரும் போய் விழத் தேவையில்லை, ஒரு கம்பி போதும்.

கொண்டை வளைவில்தான் பயந்துபோனோம். தேர் திரும்பி இறக்கத்தைப் பார்த்ததும் வடம் தொய்ந்தது. அதுவரை நாங்கள் இழுத்தோம், இப்போது அது எங்களைத் துரத்தியது. பின்வடத்தைப் பிடித்திருந்தவர்கள் சரளைக் கல்லில் சறுக்கினார்கள். "விடாத, விடாத" என்று யாரோ. தாத்தா கட்டையைக் கொடுத்தார். சக்கரம் அதில் ஏறப் பார்த்து, கீறி, மரம் தீய்ந்த வாடை வந்து, நின்றது. கானுக்கு ஒரு சாண் இருந்தது. அவருடைய முழங்கை தோல் உரிந்து ரத்தம். அவர் அதைப் பார்க்காமல் மற்றப் பக்கக் கட்டையை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இறக்கத்துக்கு ட்ரெக்டரைக் கூப்பிடுவதென்று கமிட்டி முடிவெடுத்தது. பின்னால் சங்கிலி போட்டு, ட்ரெக்டர் பிடித்துக்கொண்டே வர, தேர் மெதுவாக இறங்கியது. நாங்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளுக்குள் நிம்மதிதான். ஸ்டோருக்கு முன்னாலிருந்து திரும்பவும் கையால் இழுத்தோம். கோயிலுக்கு வந்து சேரும்போது ராத்திரி ஒன்பதரை.

அடுத்த நாள் காலையில் பெரியம்மா மலைக்குப் போகவில்லை. உள்ளங்கை ரெண்டும் வடம் அறுத்துச் சிவந்து கொப்புளம் போட்டிருந்தது. அந்தப் பேர் போனது போனதுதான். நாங்கள் திண்ணையில் அந்தப் பழைய கட்டை எடுத்து வைத்து லயத்துப் பொடிசுகளுக்கு விளையாட்டைச் சரியான விதியோடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். தாக்கப் போன ஜீவனின் அட்டையைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்க வேண்டும். நம்முடைய அடுத்த முறை வந்ததும்தான் நிமிர்த்தலாம். சின்ன வயதில் எங்களுக்கு இந்த விதியே தெரியாது. எங்கள் ஜகர்நோட் அப்போதெல்லாம் படுத்ததே இல்லை.

பெரியம்மா சுடுதண்ணிச் சட்டியில் கையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாங்க.

"அது ஏன் சாஞ்சு கெடக்கு?"

"போய் அடிச்சிட்டு வந்துருச்சு பெரியம்மா. அடுத்த முறை வர வரைக்கும் அப்படியே கிடக்கும்."

"யாரும் எழுப்ப மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, சட்டியில் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி ஊற்றச் சொன்னாங்க.